நாலு மணி பிஸ்கட்

சம்பந்தி அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டபோதுதான் எங்கள் நாயின் வாய் நாறுகிறது என்று எனக்குத் தெரிந்தது. அப்போது என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் எனக்கு நாற்றமும் தெரியவில்லை, ருசியும் தெரியவில்லை. குழம்பு தீய்ந்தால் புகையைப் பார்த்துத்தான் அடுப்பை அணைத்தேன்.

அவர் திருக்கோவிலூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வடக்கனந்தலுக்கு வந்தது வீட்டைப் பார்க்கத்தான். என் மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு முதல் பிரசவத்துக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். பிறந்த வீட்டில் அம்மா இல்லை. அதனால் எந்த அறை, எந்தக் கட்டில், வெந்நீர் எங்கே வைப்பது, அவசரத்துக்கு ஆட்டோ கிடைக்குமா என்றெல்லாம் நேரில் பார்த்துக்கொள்ள வந்தார். நல்ல மனுஷி, குறை கண்டுபிடிக்க வந்தவர் இல்லை. என் அக்கா வந்து கூட இருக்கச் சம்மதித்திருக்கிறாள் என்று சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து காபியை வாங்கிக்கொண்டார். அப்போதுதான் நாய் வந்து, வருகிறவர்களிடமெல்லாம் செய்வதுபோல, அவர் மடியில் தலையை வைத்து அண்ணாந்து மூச்சுவிட்டது.

"இன்னாங்க இது, எலி கிலி செத்துக் கெடக்குதா?" என்று எழுந்துவிட்டார். பிறகு நாய்தான் என்று தெரிந்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. பச்சப் புள்ள வரப்போற வூடு. இது வாய வெச்சிக்கினு புள்ளகிட்ட வந்தா ஆவாதுங்க. ஒண்ணு இத சரி பண்ணுங்க, இல்ல எங்கனா உட்டுடுங்க. ரெண்டும் முடியலன்னா சொல்லுங்க, பிரசவத்த அங்கயே நாங்க பாத்துக்கறோம். மனசு கோணாதீங்க."

நான் தலையை ஆட்டினேன். அந்த எட்டு மாதமும் யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தேன். எதுவும் வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. ஆனால் அவர் பஸ் ஏறிப் போனபின் யோசித்துப் பார்த்தால் ஒன்று வேண்டியிருந்தது. மகள் இந்த வீட்டுக்கு வர வேண்டும். நாயை விரட்டிவிட்டு அவளை வரவழைக்கவும் மனம் ஒப்பவில்லை. அது என் மனைவியின் நாய். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கால்வாய்க் கரையிலிருந்து, கண்கூடத் திறக்காத குட்டியாக, முந்தானையில் போட்டுக்கொண்டு வந்தாள். அதைக் கொண்டுபோய் எங்கேயோ விட்டால் அவளிடம் என்ன சொல்வது? இல்லாதவளுக்குப் பதில் சொல்லும் கவலை. எனக்கே என்மேல் எரிச்சலாக இருந்தது.

மொத்தம் இரண்டு மாதம் இருந்தது.

மகளிடம் போனில் சொன்னேன். அவள் பார்சலில் நீளக் காம்பு வைத்த ஒரு பிரஷ்ஷும், கோழிக்கறி வாசனை அடிப்பதாக அட்டையில் போட்டிருந்த ஒரு பேஸ்ட்டும் அனுப்பினாள். நாய் பேஸ்ட்டை நக்கிக்கொண்டது. பிரஷ்ஷைக் கண்டதும் பூட்டுப் போட்டதுபோல் வாயை மூடிக்கொண்டது. மூன்றாம் நாள் உதட்டைத் தூக்கிப் பிடித்து நுழைக்கப் பார்த்தேன். கட்டைவிரலில் கடித்தது. பன்னிரண்டு வருடத்தில் அது யாரையும் கடித்ததில்லை. கடித்துவிட்டு, தப்புச் செய்தது நான் என்பதுபோல் என்னைப் பார்த்தது. வலித்ததா என்று மகள் கேட்டாள். யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ரத்தம் வந்தது, அதனால் வலித்திருக்கும் என்றேன்.

பிரஷ் இல்லாமல் நாய்க்குப் பல் சுத்தம் செய்ய ஊரில் ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். வேப்பங்குச்சியைக் கடிக்கக் கொடு என்றார் ஒருவர். நாய் குச்சியை முகர்ந்துவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. பக்கத்துக் கொல்லைக்காரர் ஒரு கழி கரும்பைக் கொண்டுவந்து, "கடிச்சித் துப்புனா பல்லு பளபளன்னு ஆயிடும் சார், மனுசனுக்கே ஆவுது" என்றார். நாய்க்குத் துப்பத் தெரியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. அது சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டுச் சக்கையை வாசலெல்லாம் போட்டது. ஆட்டுக்கறிக் கடைக்காரர் ஒரு நல்லி எலும்பைத் தந்தார். எனக்கு அந்த யோசனைதான் பிடித்தது. முப்பது வருடம் நில அளவையில் இருந்தவன் நான். கண்ணுக்குத் தெரிகிற காரணம் இருந்தால்தான் நம்புவேன். கெட்டியான எலும்பு உரசினால் அழுக்குப் போகும், அதில் என்ன சந்தேகம்? கிருமி இருக்கக் கூடாது என்று நானே குக்கரில் வைத்து நாலு விசில் விட்டு எடுத்தேன்.

நாய் அதை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் கடித்தது. பிறகு மளுக்கென்று ஒரு சத்தம். எலும்பு உடைந்தது என்று நினைத்தேன். நாய் கத்திய பிறகுதான் உடைந்தது எலும்பில்லை என்று தெரிந்தது. மேல்வரிசையில் பின்னால் இருக்கிற பெரிய பல் நெடுக்காகப் பிளந்து ஒரு சில்லு தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அது ஒரு பக்கமாகவே சாப்பிட்டது, பிறகு அதுவும் இல்லை. எச்சில் நூலாக ஒழுகியது. பாவம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. பாவம் என்பது அப்போது எனக்கு ஒரு சொல்லாக மட்டுமே இருந்தது.

நாலாம் நாள், நாயை மலையில் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் எனக்கு ஒருவர் இருந்தார். நான் மலையில் வேலை பார்த்த காலத்தில் கூடவே சங்கிலி பிடித்து அளந்தவர். இப்போது சொந்தக் கொல்லையில் மக்காச்சோளமும் மரவள்ளியும் போட்டுக்கொண்டிருந்தார். மரவள்ளி ஏற்ற மலைக்குப் போன ஒரு சின்ன வேனில் டிரைவர் பக்கத்தில் நானும், என் காலடியில் நாயுமாகப் போனோம். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் நாய் என் செருப்பின்மேல் தலையை வைத்துக்கொண்டது. டிரைவர் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டார். நான் காரணம் கேட்கவில்லை, எனக்குத்தான் தெரியுமே.

மலைக்காரர் என்னைக் கண்டதும், "இன்னா சார், போன் பண்ணா நானே எறங்கி வந்திருப்பேனே" என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் நாயின் முன்னால் குந்தி, மோவாயைத் தடவி, மேலுதட்டை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார். நான் பார்க்கப் போனால் கடிக்கிற நாய் அவரிடம் சும்மா நின்றது.

"பல்லு பொளந்துக்கினு கீது. ஈறெல்லாம் சீழு." விரலை மண்ணில் துடைத்துக்கொண்டார். அவருடைய இரண்டு நாய்களும் தள்ளி நின்று உறுமிக்கொண்டிருந்தன. "எங்க நாயிங்களுக்கு இன்னா சார் வெக்கறோம்? களி, மிச்ச சோறு. ஒண்ண ஒண்ணு அட்ச்சிக்கினு தான் துன்னும். இது இந்த வாய வெச்சிக்கினு யார்கிட்ட சண்ட போடும்? நாலு நாளு தாங்காது. உட்டுட்டுப் போறேன்னா போங்க, நீங்க சொல்லி நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா செத்துப்போச்சின்னு உங்களுக்குப் போன் பண்ற வேலய எனக்குக் குடுக்காதீங்க."

வேன் மூட்டை ஏற்றி முடிக்கும்வரை அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு நாயோடு திரும்ப ஏறிக்கொண்டேன். நிம்மதியா வருத்தமா என்று தெரியவில்லை.

மறுநாள் நாயைக் கள்ளக்குறிச்சி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அன்று அங்கே மாடுகள்தான் அதிகம். வரிசையில் நாய் வைத்திருந்தவன் நான் ஒருவன். டாக்டர் ஒரு பெண், முழங்கைவரை உறை போட்டுக்கொண்டு ஒரு மாட்டைப் பார்த்து முடித்துவிட்டு வந்தார். வாயைத் திறந்து பார்த்ததும், "எலும்பா?" என்றார். ஆமாம் என்றேன். "வேகவெச்சதா?" அதற்கும் ஆமாம் என்றேன். அவர் மறுபக்கத்து உதட்டைத் தூக்கிப் பார்த்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

"பிரஷ் பண்ண உடுதா?"

"கடிக்குதும்மா."

"வலிச்சா நீங்களும் தான் கடிப்பீங்க. இது ஒரு எலும்பால வந்தது இல்லைங்க. பல வருஷமா பல்லுல படிஞ்ச காறை, அதுமேல இப்ப ஒண்ணு ரெண்டு வருஷமா எதுவோ மெத்துமெத்துன்னு ஒட்டறதா ஜாஸ்தியா துன்னிருக்குது. இன்னா குடுக்கறீங்க?"

பிஸ்கட் என்றேன்.

அதைச் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு வயிற்றில் கட்டி. ஒரு வருடம் புதுச்சேரிக்கும் வடக்கனந்தலுக்குமாக அலைந்தோம், பிறகு அவள் கட்டிலோடு கிடந்தாள். உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்க வருகிற எவரும் வெறுங்கையோடு வருவதில்லை. பிஸ்கட், ரொட்டி, ஆப்பிள், பால்பவுடர் என்று ஏதாவது கையில் இருக்கும். ஊர் முழுக்க வந்தது, அலமாரி நிறைந்தது. யார் கொடுத்தாலும் அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். தினமும் நாலு மணிக்கு டீயோடு ஒரு பாக்கெட்டைப் பிரிப்பாள். ஒன்று தனக்கு, ஒன்று நாய்க்கு. அவள் போனபின்னும் நாலு மணி ஆனால் நாய் கட்டிலருகே வந்து நின்றது. அலமாரியில் பாக்கெட்டுகள் மிச்சமிருந்தன. எனக்குப் பேச்சும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அதனால் பிஸ்கட்டைப் போட்டேன்.

"நாளைக்கு எத்தன?" என்றார் டாக்டர்.

"ரெண்டு. முன்னயும் ஒண்ணு ரெண்டு தான்."

"ரெண்டு பிஸ்கட்டுக்கு இவ்ளோ வெயிட் போடாதுங்க" என்றார். பின்னால் கன்றோடு ஒருவர் நின்றுகொண்டிருந்ததால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

முழு மயக்கம் கொடுத்து எல்லாப் பல்லையும் சுரண்டுவதுதான் முறை, ஆனால் நாயின் நெஞ்சில் சத்தம் சரியில்லை, வயதும் ஆகிவிட்டது, அந்த ஆபத்தை நான் எடுக்க மாட்டேன் என்றார் டாக்டர். பிளந்ததையும் ஆடிக்கொண்டிருந்த இரண்டையும் மட்டும் எடுத்தார். லேசான தூக்கத்துக்கு ஓர் ஊசி, தாடையில் மரத்துப்போக ஓர் ஊசி. நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். நாய் அரைக்கண் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வலி இல்லை. தனக்கு என்னவோ நடக்கிறது, தன்னிடமிருந்து எதையோ பிடுங்குகிறார்கள் என்று மட்டும் அதற்குத் தெரிந்தது. நானும் எட்டு மாதமாக இப்படித்தான் இருக்கிறேன் என்று டாக்டரிடம் சொல்ல வாய்வரை வந்தது. மாட்டு டாக்டரிடம் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இனிமேல் செய்ய வேண்டியதை அவர் விரல் விட்டுச் சொன்னார். "புண்ணு ஆறற வரைக்கும் வாயாண்ட போவாதீங்க. அப்புறம் பிரஷ்ஷே வேணாம். காயத்துக்குக் கட்ற மெல்லிசுத் துணிய விரல்ல சுத்திக்கினு, நான் எழுதிக் குடுக்கற மருந்த தடவி, பல்லோட வெளிப்பக்கம் மட்டும் தொடைங்க. ஈறு ஓரமா. அழுத்தாதீங்க, ஒத்தி எடுங்க. உள்பக்கத்த அது நாக்கே பாத்துக்கும். தெனமும் தொடைக்கணும், அதான் முக்கியம். தண்ணி தெனம் மாத்துங்க. கடிக்க எது குடுத்தாலும் மொதல்ல உங்க நகத்தால அழுத்திப் பாருங்க, பள்ளம் உழலன்னா அத குடுக்காதீங்க. மனுசங்க பேஸ்ட் கூடாது. உப்பு, கரி, கிராம்பு எண்ணெய்னு வரவங்க போறவங்க சொல்வாங்க. கேட்டுக்குங்க, செஞ்சிடாதீங்க. பிஸ்கட் இன்னியோட சரி."

புண் ஆறியது. ஆனால் துணி சுற்றிய விரலைக் கண்டாலும் நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாசலில் உட்காரவைத்துப் பார்த்தேன், மடியில் போட்டுப் பார்த்தேன். நாலு மணிக்குக் கட்டிலருகே போய் நின்றது. பிஸ்கட் வரவில்லை என்றதும் சோற்றையும் தொடாமல் இரண்டு நாள் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது. கோபம் என்றால் சத்தம் போடுகிற கோபம் இல்லை, சலிப்பு. ஐந்தாம் மாதம் முடிந்து ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

ஒருநாள் மகளுக்காக அந்த அறையைத் துடைத்து, மருந்துப் பெட்டிகளை மூட்டை கட்டினேன். இடுப்பு விட்டுப்போனது. என் மனைவி கிடந்த கட்டிலில் அதுவரை நான் உட்கார்ந்ததுகூட இல்லை, கூடத்தில் பாய்தான். அன்று அசதியில் அப்படியே சாய்ந்துவிட்டேன். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடி இடம் இருந்தது. கை அதில் தொங்கியது.

நாய் கால்மாட்டுப் பக்கமாக வந்து அந்த இடைவெளியில் நுழைந்தது. நகச் சத்தம்கூடக் கேட்கவில்லை. என் கைக்கு நேராக வந்ததும் நின்று, வாயைத் திறந்து, விரல்களை நாக்கில் வாங்கிக்கொண்டது. பல் படவில்லை. ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் வாயை மூடாமல் காத்திருந்தது. வாலைக்கூட ஆட்டவில்லை. ஆட்டினால் சுவரில் அடித்துச் சத்தம் வந்திருக்கும். இப்படி நிற்க யாரோ அதற்கு மெனக்கெட்டுப் பழக்கியிருக்க வேண்டும்.

எழுந்து அறை வாசலுக்குப் போனேன். அங்கிருந்து கட்டிலைப் பார்த்தேன். எங்கே நின்றால் எது தெரியும், எது மறையும் என்று பார்ப்பதுதான் முப்பது வருடம் என் வேலையாக இருந்தது. வாசலில் நிற்கிறவனுக்குக் கட்டில் தெரியும், போர்வை தெரியும், படுத்திருப்பவளின் முகம் தெரியும். சுவர்ப் பக்கத்தில் நாய் நின்றால் தெரியவே தெரியாது. நான் தினமும் அந்த வாசலில் நின்றுதான் கேட்டேன், சாப்பிட்டாயா என்று. சாப்பிட்டேன் என்பாள். தட்டு காலியாக இருக்கும். அதை ஒரு நோட்டில் எழுதுவேன். காலை இரண்டு இட்லி, பதினோரு மணிக்குக் கஞ்சி, நாலு மணிக்கு டீயும் பிஸ்கட்டும். புதுச்சேரி டாக்டர் கேட்கும்போது நோட்டைப் பார்த்து, நல்லா சாப்பிடறாங்க சார் என்பேன். அப்படியானால் ஏன் இப்படி இளைக்கிறார் என்று அவர் புருவத்தைச் சுருக்குவார். அவள் பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அவள் இளைக்க இளைக்க நாய் பெருத்தது. வீட்டுக்கு வந்த எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வயதான நாய் அப்படித்தான் ஊதும் என்று நானே ஒருவரிடம் சொன்னது ஞாபகம் வந்தது.

அழுகை வரவில்லை. வரும் என்று வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றேன், வரவில்லை. மாடத்திலிருந்து துணியை எடுத்து விரலில் சுற்றி, மருந்தைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தேன். முன்போலவே சுவரைப் பார்த்துப் படுத்துக் கையைத் தொங்கவிட்டேன். நாய் வாயைத் திறந்தது. வலப்பக்க மேல்வரிசையை ஒத்தி எடுத்தேன். பிறகு கீழ்வரிசை. பழுப்பும் மஞ்சளுமாக வந்தது. அன்று அவ்வளவுதான். மறுநாள் நாலு மணிக்கு இடப்பக்கம்.

பிறகு தினமும் நாலு மணிக்கு நான் அந்தக் கட்டிலில் படுத்தேன், நாய் வந்தது. கெட்டிக் காறை போகவில்லை, அது துடைத்தால் போகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஈறுகளில் சிவப்புக் கம்மியானது, ரத்தம் நின்றது. பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரிக்காய்த் துண்டு கொடுத்தேன், நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான். முதலில் கீழே போட்டது, பிறகு தின்றது. ஒரு மாதத்தில் நாய் இளைத்து, வாசல்வரை ஓடி வந்து குரைத்தது. கட்டிலும் தேவையில்லாமல் போனது. நான் தரையில் உட்கார்ந்து விரலை நீட்டினாலே வந்தது.

வளைகாப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது சம்பந்தி அம்மாள் மறுபடி வந்தார். நாய் அவர் மடியில் தலையை வைத்தது. அவர் முதலில் மூச்சை அடக்கிக்கொண்டார். பிறகு மெல்ல விட்டார். "பரவால்லீங்க" என்றார். "நாய் வாசன அடிக்குது. நாயின்னா நாய் வாசன அடிக்கத்தான செய்யும்? இருக்கட்டும்." காபியை முழுவதும் குடித்துவிட்டுப் போனார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

மகள் வந்தாள். அக்காவும் வந்துவிட்டாள். வீட்டில் மிக்ஸி ஓடியது, யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணைப் பார்க்க மறுபடி ஊர் வந்தது. மறுபடி பிஸ்கட், ரொட்டி, ஆப்பிள். நான் பாக்கெட்டுகளை வாங்கி, நாய்க்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். மகள் அதே கட்டிலில்தான் படுத்தாள். வேறு கட்டில் இல்லை.

ஒன்பதாம் மாதம் பிறந்து சில நாள் இருக்கும். நாலு மணிக்கு வழக்கம்போல் சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்து நாயின் பல்லைத் துடைத்தேன். வலப்பக்கம் பல் பிடுங்கிய இடத்தில், ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே, துணியில் என்னவோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். வெந்த ரவை, கூடவே ஒரு கடுகு. அக்கா மூன்று மணிக்கு உப்புமா கிண்டி மகளுக்குக் கொடுத்திருந்தாள். நாய்க்கு நான் வைத்தது வெறும் சோறு.

துணியைப் பிரிக்காமல் அறைக்குப் போனேன். மகள் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ஸ்டூல்மேல் காலித் தட்டு.

"சாப்ட்டியாம்மா?"

"சாப்ட்டேன்ப்பா."

அவள் அம்மா சொன்ன அதே மாதிரி, அதே வேகத்தில் சொன்னாள். நான் விரலை நீட்டினேன். "அப்ப இது யாரு சாப்ட்டது?"

அவள் துணியைப் பார்த்துச் சிரித்தாள். "போலீஸ் மாதிரி கேக்கறியேப்பா. நெஞ்சு எரியுது, எறங்க மாட்டேங்குது. அத்த கஷ்டப்பட்டு செஞ்சாங்க, மிச்சம் வெச்சா மனசு சங்கடப்படுவாங்கன்னு அதுக்குக் குடுத்துட்டேன். கொஞ்சம் தான்."

நான் கத்தினேன். என் தொண்டையிலிருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே தெரியாது. அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். "உங்கம்மாவும் இப்டித்தான் சொன்னா. சாப்ட்டேன் சாப்ட்டேன்னு சொல்லிக்கினே இருந்தா. நான் மடையன், எழுதிக்கினே இருந்தேன். அவ சோறு பூரா இந்த நாயி வாயில தான் இருந்திச்சி..." துணி சுற்றிய விரலோடு நின்றபடியே அழுதேன். மூக்கு ஒழுகியது. துண்டு தோளில் இல்லை. சட்டையைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் என்னைத் தடுக்கவில்லை. மகளும் அழுவது கேட்டது.

பிறகு அவள், "அத்த, இன்னும் கொஞ்சம் உப்புமா இருக்குதா?" என்றாள்.

அக்கா மோர் ஊற்றிப் பிசைந்து தளர்வாகக் கொண்டுவந்தாள். நாய் எழுந்து கால்மாட்டுப் பக்கம் போனது. நான் அதற்கு முன்னால் போய், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் ஒருக்களித்து நுழைந்து உட்கார்ந்தேன். முழங்கால் சுவரில் இடித்தது. மகள் எழுந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்தபடி சாப்பிட்டாள். ஒரு வாய், கொஞ்சம் நேரம் விட்டு இன்னொரு வாய். நடுவில் ஒருமுறை வேண்டாம் என்று தலையை அசைத்தாள். நான் காத்திருந்தேன். மறுபடி எடுத்தாள்.

தட்டு முடிந்ததும் சின்னப் பிள்ளைபோல் வாயை அகலத் திறந்து காட்டினாள். குனிந்து பார்த்தேன். நாக்கைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள்.